சட்டத்துக்கு அடியிலிருந்து வந்த ஊசி

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில். வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் இதன் முடிவையாவது மாற்றியிருப்பேன்.

என் பெயர் செல்வராணி. இது நடந்தது 1943இல், ஜப்பான்காரன் காலத்தில். ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் வீரமுத்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். ஆனி மாதம் ஒரு நாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற ஆட்களில் பாதிப் பேரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலையாம். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பெக்கோக் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "தீபாவளிக்கு வந்துருவேன் ராணி" என்றார்.

அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. மனுஷன் இருக்கிறாரா, இல்லையா? காலையில் எழுந்தால் இந்த ஒரு கேள்வி. படுத்தாலும் இதே கேள்வி.

எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காத்தது பூத்தையல்தான். சண்டைக்கு முன்னால் மேனேஜர் பங்களாவில் ஆயா வேலை பார்த்தேன். துரையின் மனைவி துரைசாணி பொழுதுபோக்காகத் தைப்பதைப் பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று அவர்கள் சிங்கப்பூருக்கு ஓடிய அன்று, லயத்து ஆட்கள் பங்களாவுக்குள் புகுந்து அரிசியும் சீனியும் எடுத்தார்கள். நான் அவளுடைய தையல் சட்டத்தையும், ஒரு டின் நிறைய நூலையும் தூக்கி வந்தேன். லயமே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். மரவள்ளிக் காட்டில் வேலை முடிந்து வந்து, பச்சை நூலைக் கோத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பசியே தெரியாது. ஒரு இலையை முடித்து விரலால் தடவிப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை யாரும் பறிக்க முடியவில்லை.

சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. என்னிடம் இருந்த ஒரே நல்ல துணி அவருடைய கல்யாண வேட்டி. கிழிக்க மனமில்லை. முழுசாகவே சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஒரு கொடி தைக்க ஆரம்பித்தேன். "ஆம்பள வேட்டியில பூவா?" என்று திட்டுவார். வந்து திட்டினால் போதும் என்றிருந்தது.

அந்தச் சட்டம் நாலு கால் வைத்தது, சின்ன மேசை மாதிரி. துணி மேலே விறைப்பாக நிற்கும். வலது கை மேலிருந்து ஊசியைக் கீழே குத்தும். இடது கை அடியில் காத்திருந்து, அதை வாங்கி மேலே தள்ளும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஒரு தையல் விழும்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள். கடிகாரத்தில் மூன்று இருபது. அது ஜப்பான் நேரம், ஒன்றரை மணி முன்னால் ஓடுவது. வெயிலைப் பார்த்தால் இரண்டுகூட ஆகவில்லை. ஊசியைக் கீழே குத்தினேன். இடது கை, கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

டப்...

ஊசி மேலே வந்துவிட்டது. சரியான இடத்தில், நான் வரைந்து வைத்திருந்த கோட்டின் மேலேயே.

குனிந்து பார்த்தேன். அடியில் மண் தரை. என் கால். வேறு ஒன்றுமில்லை. பசியில் மூளை கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அதே நேரம். இடது கையை வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டேன். குத்தினேன். டப்... சர்ர்... நூல் இழுபட்டது. ஊசி மேலே வந்தது.

பயந்தேன் என்று சொன்னால் அது பொய். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது. மூன்று மாதமாக ஒண்டியாகக் கிடந்தவளுக்கு யாரோ துணைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. தினமும் மூன்று இருபதுக்கு உட்கார்ந்தேன். கொடி வேகமாக வளர்ந்தது. காம்பு, இலை, மொட்டு...

ஆறாம் நாள் நூல் ஈரமாக வந்தது.

எட்டாம் நாள் நாற்றம். எலி செத்த நாற்றம். வீடு முழுக்கத் தேடினேன். எலி இல்லை. மூக்கை நூல்மேல் வைத்துப் பார்த்தேன். நூலில்தான் இருந்தது.

அப்புறம் துணி மாறியது. ஊசி சுலபமாக இறங்கவில்லை. தடித்த எதையோ குத்துகிற மாதிரி இருந்தது. குத்தும்போதெல்லாம் துணி லேசாக நடுங்கியது...

தீபாவளிக்கு முந்தின நாள். மூன்று இருபத்தைந்து. மொட்டு ஒன்றுதான் பாக்கி.

ஊசி கீழே போனது.

வரவில்லை.

காத்திருந்தேன். வரவில்லை.

இடது கையை மெல்ல அடியில் விட்டேன். துழாவினேன்...

விரல்கள்.

என் சுட்டு விரலைப் பிடித்தன.

எலும்பாக இருந்தன. நெருப்பாய்ச் சுட்டன.

இழுத்தேன். விடவில்லை.

கத்தினேன். வலது கைக்குக் கத்தரிக்கோல் அகப்பட்டது. நூலை வெட்டினேன். காலால் சட்டத்தை உதைத்தேன். பிடி வழுக்கி... நழுவியது.

சட்டத்துக்கு அடியில் யாரும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா ஓடி வந்தாள். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆம்பளக் கையா, பொம்பளக் கையா?"

"மெல்லிசா இருந்துச்சுக்கா. வெறும் எலும்பு."

"அப்ப துரைசாணிதான். அவ போன கப்பல்ல குண்டு விழுந்துச்சுன்னு சொன்னாங்கல்ல? அவ சாமான்தான இது. அவதான் வந்து தைக்கிறா."

"இப்ப என்னக்கா செய்றது?"

"தையல் பூரா பிரிச்சிரு. நூல அடுப்புல போடு. விடிஞ்சா தீபாவளி. ஒம் புருசன் வேட்டிய இந்தச் சனியனோடயா சாமி முன்னால வைப்ப?"

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. விடியற்காலையில் விளக்கேற்றி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துணி, முனையில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைப்போம். ஊரில் இல்லாதவருக்கும் வைத்தால்தான் அவர் நல்லபடியாகத் திரும்புவார். அவர் வேட்டி சுத்தமாக இருக்க வேண்டும். பேய் தைத்த துணியை எப்படி வைப்பேன்?

இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒவ்வொரு தையலும் ஈரமாக, பிசுபிசுவென்று கழன்று வந்தது. பத்து நாள் வேலை. ஆறு பத்துக்குக் கடைசித் தையலை உருவினேன். நூலை அடுப்பில் போட்டேன். வேட்டியைத் துவைத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, விடியற்காலையில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தேன். நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. சட்டத்தை வெட்டி விறகாக எரித்தோம். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜப்பான்காரன் போய், 1946 தை மாதம், காளியப்பன் அண்ணன் சயாமிலிருந்து திரும்பி வந்தார். என் வீட்டுக்காரரோடு அதே லாரியில் போனவர். அடையாளமே தெரியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கேட்கும் முன்பே அழுதார்.

"அவனுக்குக் கால்ல புண்ணு தங்கச்சி. முழங்கால்லேருந்து கீழ வரைக்கும் அழுகிப் போச்சு. காய்ச்சல் வேற. பொழைக்க மாட்டான்னு தனிக் கொட்டாயில போட்டுட்டாங்க."

அவர் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆனா ஆச்சரியம் பாரு. புண்ணு ஓரத்துலேருந்து கூடிக்கிட்டே வந்துச்சு. தச்ச மாதிரி. மருந்து கெடையாது, ஒண்ணும் கெடையாது. தெனம் மத்தியானம் கண்ண மூடிக்கிட்டு, விரலால எதையோ வாங்கி வாங்கி மேல தள்ளிக்கிட்டே இருப்பான். என்னடான்னு கேட்டா சிரிப்பான். இன்னும் கொஞ்சந்தான் பாக்கின்னு சொல்வான்."

"அப்புறம்?"

"தீபாவளிக்கு மொத நா. நாங்க நாள எண்ணிக்கிட்டு இருந்தோம், அதான் ஞாபகம் இருக்கு. மத்தியானம் திடுக்குனு எழுந்து உக்காந்தான். 'ராணி, கைய விடாத, கைய விடாத'ன்னு கத்துனான். அதோட புண்ணு பிரிய ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா... ரெண்டு பக்கத்துலேருந்தும்... நான் பக்கத்துலதான் இருந்தேன். விடியறதுக்குள்ள போயிட்டான்."

நான் என் இடது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தங்கச்சி அப்படிக் கத்துனான்? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றேன்.