கழிப்பறைக்குப் படியான கல்

போன மழைக்காலம், ரங்கூன். டாக்சி ஓட்டும் நான், கியாக்டடா பகுதியில் பழைய ஆர்மீனியக் கிறிஸ்தவக் கோயில் வாசலில் ஒரு வெளிநாட்டு அம்மாவை ஏற்றினேன். வண்டி நகராத நெரிசல். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்கு ஏற்ப, நிறுத்தி நிறுத்தித் தன் முன்னோர் ஊரைப் பற்றிச் சொன்னார். பெயர் ஆர்கினா. ஒரு காலத்தில் ஆர்மீனியர்களின் தலைமைக் குருவுக்கு அந்தக் கிராமம்தான் 'சீட்'டாம். பிறகு அந்த சீட் ஆனி என்ற தலைநகருக்குப் போய்விட்டதாம்.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். நாற்காலியைத் தூக்கிப்போனார்கள் என்று நினைத்து, புதிதாக ஒன்று செய்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் பீடத்தைச் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது. குரு போனார், கூட்டம் குறைந்தது, கடைசியில் அங்கிருந்த பெரிய கோயிலும் இடிந்தது, கல்லை ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்களாம். போனில் ஒரு படம் காட்டினார். மாட்டுத் தொழுவச் சுவரில், சிலுவை செதுக்கிய கல் தலைகீழாக இருந்தது. அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

எனக்கு எங்கள் கோயில் கல் ஞாபகம் வந்தது. ரங்கூனிலேயே தாமுவே பகுதியில் எங்கள் அம்மனைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பழைய கோயிலைக் கட்டிய எங்கள் தமிழ்த் துறைமுகக் கூலிகளின் பெயர் வெட்டிய கல்லை, அந்த வாரம்தான் கழிப்பறைக்குப் படியாகப் போட்டிருந்தார்கள். கேட்டால் மகள் கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் தராமல் போவார்களோ என்று நான் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தேன்.

அம்மாவை இறக்கிவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். கல்லை எடுக்கச் சொன்னேன். கமிட்டித் தலைவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"யபாதே, யபாதே, ஒண்ணும் ஆவாது. சாமியே இங்க வந்துருச்சு, கல்லு எதுக்கு? அந்தத் தமிழெழுத்த இங்க எவனுக்குப் படிக்கத் தெரியும்?"

"எங்க பூட்டன் பேரு இதுல இருக்கு, அது எனக்குத் தெரியும். அவர மிதிச்சுட்டு உள்ள போங்க பாப்போம்."

சொல்லிவிட்டு அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பூஜை நேரம், பின்னால் அவசரக்காரர்களின் வரிசை நீண்டது. பர்மியிலும் தமிழிலும் திட்டு விழுந்தது. ஒரு அக்கா மட்டும் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுப் பழைய ஆளு பேரும் இதுல இருக்கும். தலைவரே, கடப்பாரைய எடுங்க. இல்லாட்டி எல்லாரும் உங்க வீட்டுக்குத்தான் ஒதுங்க வரணும்."

கடப்பாரை வந்தது.

கல் இப்போது அம்மன் சன்னிதிக்கு வெளியே நிற்கிறது. மண்டபம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆனால் ஆர்கினாவில் முதல் கல்லைப் பெயர்த்தபோது ஏன் என்று கேட்க ஒரே ஒருவராவது இருந்திருப்பாரா என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் பொங்குகிறது.