கிளெனிஸுக்காக அகலப்படுத்திய வாசல்

மெர்வின் டக்வெல் தன் வீட்டு வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டதே கிடையாது. இரும்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகினாலும் குழாய் அடைத்தாலும் அவரேதான் பார்ப்பார். வாராவாங் ஊரில் அவர் வீடு இருந்த தெரு முழுக்க ஃபைப்ரோ வீடுகள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடுதான் வெளிச்சுவர். அதை அறுக்கக்கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மெர்வினுக்கும் தெரியும்.

பக்கவாதம் வந்த அவர் மனைவி கிளெனிஸ் குளிர்காலம் முழுவதும் மறுவாழ்வு வார்டில் கிடந்தாள். வீட்டை அளந்துவிட்டு வந்த ஆஸ்பத்திரிப் பெண் அவள் கட்டிலருகே நின்று சொன்னாள்:

"பாத்ரூம் வாசல்ல சக்கர நாற்காலி நுழையாது மெர்வ். திங்கக்கிழமைக்குள்ள அத அகலமாக்கலன்னா, டாப்டோ முதியோர் இல்லத்துக்குத்தான் எழுதணும்."

"என்னை அங்க மட்டும் தள்ளிடாத மெர்வ்," என்றாள் கிளெனிஸ். வாய் ஒரு பக்கம் கோணியதால் சொற்கள் மெதுவாக வந்தன.

சுவரை அறுக்கும் கிரைண்டர் கேட்கப் பக்கத்து வீட்டு டார்கோவிடம் போனார்.

"ஒரு ஆள வச்சு செய்யேன்யா கிழவா. காச மூட்டை கட்டி எங்க கொண்டுபோகப் போற?"

"ஃபைப்ரோ வெளிச்சுவர்லதான். உள்சுவரெல்லாம் வெறும் பிளாஸ்டர் பலகைடா. கிரைண்டரக் குடு, வாயக் குடுக்காத."

சனிக்கிழமை காலை படுக்கையறைப் பக்கமிருந்து ஆரம்பித்தார். பிளாஸ்டர் பலகை ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. அதுவே அவருக்குத் தைரியம் கொடுத்தது. மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் குளியலறைத் தகடு. அதன்மேல் அவரே ஒரு காலத்தில் ஒட்டிய ஓடுகள். கிரைண்டரை அழுத்தினார். சக்கரம் அலறியது. வெண்தூசி எழுந்து வீட்டை நிறைத்தது. மறைந்திருந்த தண்ணீர்க் குழாயும் அறுபட்டுப் பீய்ச்சியது. ஓடிப்போய் வால்வை மூடினார். பிறகு துடைப்பத்தால் பெருக்கினார். வாக்குவம் கிளீனரை ஓட்டினார். அது முன்னால் உறிஞ்சிய தூசியைப் பின்னால் ஊதியது. கிளெனிஸுக்காகப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்த கட்டில் மாவு கொட்டியதுபோல் ஆயிற்று.

மாலையில் பீர் பாட்டிலோடு வந்த டார்கோ வாசற்படியிலேயே நின்றுவிட்டான். தரையில் கிடந்த தகட்டுத் துண்டைத் தொடாமல் குனிந்து பார்த்தான். உடைந்த விளிம்பில் மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மெர்வ், வெளிய வா. இப்பவே வா."

"என்னடா?"

"பாத்ரூமுக்கு அந்தக் காலத்துல எவன்யா பிளாஸ்டர் போட்டான்? தண்ணியில ஊறிடுமே. ஃபைப்ரோய்யா இது!"

மெர்வின் தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளை.

மறுநாள் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் ஆட்கள் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டு வந்து வீட்டை நாடா சுற்றி அடைத்தார்கள். கம்பளம், கட்டில், திறந்து கிடந்த அலமாரியின் துணிகள் எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிப் புதைக்கக் கொண்டுபோனார்கள். வீடு திரும்பக் கிடைக்கப் பல மாதம் ஆகும் என்றார்கள். மெர்வின் டார்கோவின் சோபாவில் படுத்தார்.

திங்கட்கிழமை கிளெனிஸ் தலை வாரி, பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாசல் முடிஞ்சுதா?"

"வாசல் அகலமாத்தான் இருக்கு," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ அத மூச்சுல இழுத்தியா?" என்றாள் அவள்.

"ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு."

"அதக் கேக்கல."

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"என் நீல ஸ்வெட்டராவது கொண்டு வா. டாப்டோவுல குளிரும்."

"அதுவும் போயிடுச்சு கிளென்."

கிளெனிஸ் நல்ல கையால் பையைத் தன்னிடமிருந்து தள்ளினாள். ஆஸ்பத்திரிப் பெண் டாப்டோ இல்லத்துக்கான தாளோடு வந்தபோது, கையெழுத்துப் போடும் இடத்தை மெர்வின் கேட்கவில்லை. அந்தப் பெண்ணே விரல் வைத்துக் காட்டினாள்.