முன் சீட்டுக்காரி

படார்!

போனில் அந்தச் சத்தம். அதோடு என் கணவர் ஷெர்வினின் குரல் அறுந்தது. முதல் தடவை அப்படித்தான் தொடங்கியது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் நெற்றியில் மூன்று தையல் இருக்கிறது. கற்பனைக்கு யாரும் தையல் போடுவதில்லை.

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் தனபாலிடம் எங்கள் காரைப் பழசாக வாங்கினோம். முன் கண்ணாடியில் ஒரு போன் ஹோல்டர் ஒட்டியிருந்தது. டிரைவருக்கு எதிரே அல்ல, இடது சீட்டுக்கு எதிரே. ரப்பரின் ஓரத்தில் செம்மண். துடைத்துவிட்டேன்.

"கெட்டியாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்," என்று அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் ஷெர்வின்.

அன்றிலிருந்து, அவர் காரில் போகும்போது நான் கூப்பிட்டால் படார்தான். "போன் விழுந்துருச்சு டீனா" என்பார். அவர் அண்ணன் கூப்பிட்டால் விழாது. மேனேஜர் கூப்பிட்டால் விழாது. நான் கூப்பிட்டால் மட்டும்...

அடுத்தது, சீட். நான் உயரம். இடது சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளித்தான் உட்காருவேன். மறுநாள் பார்த்தால் அது முன்னால் வந்திருக்கும். யாரோ ஒரு குட்டைக்காரி! ஹோல்டரும் அவள் பக்கமே திரும்பியிருக்கும்.

"யாரை உட்கார வெச்சுட்டுப் போறீங்க?"

"சத்தியமா யாருமில்ல டீனா."

"அப்ப சீட்டு தானா நடந்து வருதாக்கும்?"

வயிறு எரிந்தது. என்னைவிட நிறமாக இருப்பாளா, சிரித்தால் எப்படி இருப்பாள் என்றெல்லாம் யோசித்தேன். போத்தனூர் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியில் துணி அடுக்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு மாலை, கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குப் புறப்பட்டோம். அவிநாசி ரோட்டில் மழை இருட்டு. வேண்டுமென்றே பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

"இப்ப இங்கிருந்து கூப்பிடறேன். போன் விழுகுதா பார்க்கலாம். விழலைன்னா, இத்தனை நாளா நீங்கதான் கட் பண்ணியிருக்கீங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க."

"ஏசப்பா! இதென்ன கூத்து..."

பீப்... பீப்... பீப்...

சீட் பெல்ட் அலாரம். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும். ஷெர்வின் பெல்ட் போட்டிருந்தார்.

இடது சீட் காலி.

சர்ர்ர்...

அந்த பெல்ட் தானாக இழுபட்டது.

க்ளிக்.

அலாரம் நின்றது.

என் விரல் அதற்குள் அழுத்திவிட்டது. ஹோல்டரில் இருந்த அவர் போனில் என் போட்டோ ஒளிர்ந்தது.

க்ரீச்...

ஹோல்டர் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. என் முகத்தை யாரிடமோ காட்டுவது போல...

ஷெர்வின் பிரேக்கை மிதித்தார்.

பிரேக் போட்டால் எதுவும் முன்னால்தான் போகும்.

போன் பின்னால் வந்தது.

என் நெற்றிக்கு.

படார்!

என் சந்தேகம் பொய்யில்லை. அந்தச் சீட்டில் ஒருத்தி இருந்தாள். என் கணவருக்கு மட்டும் அது தெரியாது.

மறுநாள் ஹோல்டரைப் பிய்த்து எடுத்துக்கொண்டு சோமனூர் போனோம். நான் துடைத்த ரப்பரில் மறுபடியும் செம்மண்.

தனபால் வீட்டு மேசை மேல் அதை வைத்தேன். சிரித்துக்கொண்டே வந்தவர் அதைப் பார்த்ததும் சுவர் வரை பின்வாங்கினார். தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"எனக்கு எவ கூப்பிடறான்னு பார்க்கறதுக்கு எம் பொஞ்சாதி பிரவீனா ஒட்டி வெச்சதுங்க அம்மணி இது... அவ செத்தப்ப, அவ பொருள் அவளோடயே போகட்டும்னு குழிக்குள்ள போட்டு நாந்தானுங்களே மண்ணைத் தள்ளுனேன்!"