ஜெயித்த செய்தியும் தோற்ற செய்தியும்

மாணவர் பத்திரிகை நடத்துகிறவனுக்கு நடந்ததை எழுதுவது சுலபம். நடக்கப்போவதை இன்றைக்கே அச்சுக்குக் கொடுப்பதுதான் பெரும்பாடு. ஐம்பதுகளின் கடைசியில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷம் அந்தப் பாடு பட்டவன் நான். ஆசிரியர் நான், துணையாசிரியர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். இதே மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

பேசாத பேச்சு

கல்லூரி விழா அன்று பந்தலிலேயே பத்திரிகையைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் சிறப்பு விருந்தினரின் பேச்சை முதல் நாளே எழுதிவிட்டேன். 'ஒரு மணி நேரம் பேசி அனைவரையும் கட்டிப்போட்டார்' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். மனிதர் ரயிலைத் தவறவிட்டு வராமலே போய்விட்டார்.

இன்னொரு பொய்ச் செய்தி வந்தால் பத்திரிகைக்கு மூடுவிழாதான் என்றார் பிரின்ஸிபால். எனக்கோ அது உயிர். பத்திரிகையை மடித்துக்கொண்டே கேட்டார்: "நான் முன்வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் ஏன்ப்பா ஒண்ணும் கேக்கல?"

கையில் இருந்த இரண்டு

அடுத்த மாதம் எங்கள் கல்லூரி கால்பந்து இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. ஆட்டம் சாயங்காலம், பத்திரிகை மறுநாள் காலை. தென்னூரில் அச்சகம் வைத்திருந்த காதர் பாய் தானே அச்சும் கோப்பார். முகூர்த்த மாதம் என்பதால் அவருடைய ஈய எழுத்தில் பாதி கல்யாணப் பத்திரிகைகளில் மாட்டிக்கிடந்தது. கடைசி நேரத்தில் புதிதாக எதுவும் கோக்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். சூடு கண்ட பூனைகளான நாங்கள், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று இரண்டு செய்தி எழுதிக் கோக்கச் சொன்னோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆளுக்கொரு கோல். கூடுதல் நேரம் ஆடியும் அதே கதை. ஆறு ஆறு மாதம் கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு கல்லூரிக்கும் சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் தென்னூருக்குப் பறந்தோம். விஷயத்தைக் கேட்ட பாய் தலையைச் சொறிந்தார்: "ஜெயிச்சதும் எங்கிட்ட இருக்கு தம்பி, தோத்ததும் இருக்கு. நடந்ததுதான் இல்ல."

அரைப் பக்கம் வெள்ளை

ரங்கராஜன்தான் வழி சொன்னான். "பொய் எழுதினாத்தானேடா மூடுவா? எழுதாமலே விட்டுடுவோம்." பாய் இரண்டு செய்தியிலிருந்தும் எழுத்துப் பொறுக்கி இவ்வளவுதான் கோத்தார்: 'ஆளுக்கொரு கோல். கோப்பை இருவருக்கும். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மீதியை எழுதிக்கொள்ளவும்.' கீழே அரைப் பக்கம் காலி.

காலையில் கல்லூரி வாசலில் நின்று பத்திரிகையைக் கொடுத்தோம். பதினொரு மணிக்குள் ஒரு பிரதிகூட மிச்சமில்லை! வகுப்பில், ஹாஸ்டலில், ஸ்ரீரங்கம் பஸ்ஸில், பேனாவும் கையுமாக ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் தன்னைப் பற்றியே அரைப் பக்கத்தையும் நிரப்பி, கேட்டவன் கேட்காதவனுக்கெல்லாம் படித்துக் காட்டினான். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் பிரின்ஸிபால் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் எங்கள் பத்திரிகை கிடந்தது. வெள்ளை இடம் முழுக்க அவருடைய பச்சை மை. எடுத்து நீட்டினார்: "அடுத்த இதழ்ல போடுங்க. இது நடந்தப்புறம் எழுதினது."

இரண்டு வருஷம் விழுந்து விழுந்து எழுதிய எனக்கு ஊரே பாராட்டு வழங்கியது, நான் ஒரு வரிகூட எழுதாத அந்த அரைப் பக்கத்துக்குத்தான்.