விஞ்ஞானி வெட்டிய ஃபிலிம்

வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். மிக்ஸி, மின்விசிறி, கடிகாரம் எதுவானாலும் திறந்து பார்த்துவிடுவான். பாதி ஓடும். மீதியைப் பற்றிக் கேட்டால், "கம்பெனிக்காரன் செஞ்ச லட்சணம்" என்பான்.

அவன் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வைத்திருந்தவள் அக்கா ஒருத்திதான். பழைய ஃபிலிம் சுருள் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். மாமா எடுத்தது. கழுவியதோடு சரி, பிரிண்ட் போடவில்லை. அதற்குள் அக்காவுக்குப் பிறந்த பிள்ளை தவறிவிட்டது. பிறகு யாருக்கு மனசு வரும்?

"இதுல ஒரே ஒரு படத்துல பாப்பா இருக்கா. அவ முகம் எனக்கே மறந்துபோச்சுடா," என்றாள்.

ஸ்டுடியோக்காரர் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெட்டாம குடுத்துட்டுப் போங்க சார். முழுச்சுருளா இழுத்து ஸ்கேன் பண்ற மெஷின் இருக்கு. ஆனா நெறைய பேர் காத்திருக்காங்க, நாளாகும்."

நாளாகுமா! இந்தத் துக்கடா வேலைக்கா? செல்போனில் எடுத்துப் பார்த்தான், சகிக்கவில்லை. ஜெராக்ஸ் கடை நண்பனின் ஸ்கேனரைத் தூக்கி வந்தான். அதன் சட்டத்தில் துண்டு ஃபிலிம்தான் நுழையும். அதனாலென்ன, வீட்டில் கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது?

படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி பார்த்து வெட்டிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் மட்டும் இடைவெளியே தெரியவில்லை. ஃபிலிம் வெறுமையாகக் கிடந்தது. படமே விழவில்லை என்று நினைத்து, அங்கேயே நறுக்கென்று ஒரு வெட்டு.

வெளிச்சம் பற்றாத அறையில் எடுத்த படம் நெகட்டிவில் அப்படித்தான், ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். நம்ம விஞ்ஞானிக்கு அது எங்கே தெரிந்தது! ஸ்கேன் செய்து வெளிச்சத்தைக் கூட்டியபோது ஒரு துண்டின் ஓரத்தில் அக்காவின் தோளும் ஒரு குட்டிக் காதும் வந்தன. அடுத்த துண்டில் ஒரு கண், பாதி வாய். கம்ப்யூட்டரில் எப்படி ஒட்டியும் வெட்டுப்பட்ட மூக்கு மட்டும் சேரவில்லை.

நடுவே கோடு ஓடிய அந்தப் படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"ஃபிலிம் பழசுதானேக்கா, ஒடிஞ்சிருந்துச்சு," என்று மனசாட்சியே இல்லாமல் சொல்லிவிட்டான்.

"ஐயோ, நான்தான்டா பாவி! பீரோவுக்கு அடியில திணிச்சு வச்சேனே," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லக்கா, நீ நல்லாத்தான் வச்சிருந்தே. நான்தான் வெட்டிட்டேன். அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுட்டேன்க்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ மட்டுமாடா?" என்றாள். "அவள எல்லாரும் அப்படித்தான் நெனச்சீங்க."