கண்மாயில கைய ஆட்டுன பாவத்துக்கு

அக்வாபைக்குங்கிறது மொதல்ல நீந்தி, கரையேறுன ஈரத்தோட சைக்கிள மிதிச்சு முடிக்கிற ரேஸ். அதுல ஜெயிக்கிறத விட, வீட்டுல அத வெளங்க வைக்கிறதுதான் பெரும்பாடு. கபடியில முழங்கால் போயி, ஓட முடியாம உக்காந்த என்னைய மாதிரி ஆளுகளுக்குன்னே ஆண்டவன் விட்ட ரேஸ் இது. காலேஜப் பாதியில விட்டுட்டு, சொந்தக்காரகளுக்குப் பதில் சொல்லியே வாய் வலிச்சவக எல்லாம் இங்கன வந்து உக்காருங்க.

வீட்டுல

எங்கத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, கம்பத்துல திராட்சை யாவாரம். நான் இஞ்சினியரிங்க விட்டதுலருந்து என்கூட ஒரு வார்த்தை பேசல. என்னையத் திட்டணும்னாக்கூட, எனக்குக் கேக்குற மாதிரி அம்மாகிட்டதான் திட்டுவாக. நம்மூருக் கண்மாயிலயே ரேஸ் வந்துச்சு. அவுக கண்ணு முன்னால ஒண்ண முடிச்சுக் காட்டிட்டாப் போதும்னு, அம்மா மூலமாக் கூப்பிட்டு விட்டேன். டீக்கிளாஸ வச்சுட்டு அத்தா அம்மாகிட்டச் சொன்னாக: "குளிச்சிட்டு சைக்கிள்ல வர்றதுக்கு எதுக்குப் போட்டி? அதத்தான நான் தெனமும் வாய்க்கால்ல செஞ்சுட்டு வாரேன்."

ரோட்டுல

விடியக்காலையில பழகப் போற கம்பமெட்டு ரோட்டுல, ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளு ஏத்திட்டுப் போற ஜீப்புகளுக்கு சைக்கிள்காரன் மனுசனே இல்ல. ஒரு ஜீப்பு உரசுனதுல நான் பள்ளத்துல கெடந்தேன். முழங்கையெல்லாம் ரத்தம். வந்த ஆத்திரத்துல வெறி புடிச்ச மாதிரி மிதிச்சு, செக்போஸ்ட்ல நின்ன வண்டியப் புடிச்சுட்டேன். "கண்ணு தெரியலையாண்ணே?"ன்னேன். டிரைவரு என்னோட இறுக்கமான டவுசர மேலயும் கீழயும் பாத்துட்டு, நிதானமாச் சொன்னாரு: "நல்லாத் தெரிஞ்சுச்சு தம்பி. அதப் பாத்துதான் ஸ்டேரிங்கே திரும்பிருச்சு."

தண்ணியில

ரேஸ் அன்னிக்கு ஆளுகளக் காப்பாத்துற வேலை, கண்மாயில மீன் குத்தகை எடுத்தவருக்கு. தெர்மாகோல் தெப்பத்துல உக்காந்திருந்தாரு. ரேஸ் நடத்துனவக அவருக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: கையத் தூக்குனா உதவி வேணும்னு அர்த்தம்.

பாதிக் கண்மாய் தாண்டையில கரையப் பாத்தேன். அத்தா நிக்கிறாக. யாவாரத்தப் போட்டுட்டு வந்திருக்காக. எனக்கு ஒண்ணும் ஓடல, கைய ஆட்டிட்டேன். குத்தகைக்காரரு வந்து முடியப் புடிச்சு இழுத்து, தெப்பத்துல போட்டாரு. விடுங்க விடுங்கன்னு கத்துறேன். நெஞ்சுல முழங்கால வச்சு அமுக்கிக்கிட்டே கரையப் பாத்துத் துடுப்பு வலிக்கிறாரு. "முங்குற ஆளு எல்லாம் இப்படித்தான் தம்பி திமிரும். நான் விடமாட்டேன்."

கரையில

கரைக்குத் தூக்கிட்டு வந்துட்டா ரேஸ்ல இல்ல, அதான் ரூல். ரெஃப்ரி என் கால்ல கட்டியிருந்த, நேரங் கணக்குப் பாக்குற சிப்பக் கழட்டிட்டாரு. நான் கத்துனது சுருளிப்பட்டிக்கே கேட்டிருக்கும். "நான் முங்கல சார், எங்கத்தாவுக்குக் கைய ஆட்டுனேன்"னு தொண்டை வத்தச் சொன்னேன். அவரு சிப்பத் தொடச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டே சொன்னாரு: "ரூல்ல அப்பாவுக்குன்னு தனிக் கை கெடையாதுப்பா."

மறுபடியும் ரோட்டுல

போங்கடான்னு சைக்கிள எடுத்தேன். ரோடு அவுக ரோடா என்ன? நம்பர் இல்ல, சிப் இல்ல, காமயகவுண்டன்பட்டி போயித் திரும்புற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு மிதிச்சேன். முன்னால போனவகள்ல பாதிப்பேரத் தாண்டிட்டேன். முடிவுக் கோட்டத் தொட்டப்ப மைக்குல என் பேரு வரல. எவனும் கை தட்டல.

அத்தா மட்டும் கூட்டத்த வெலக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாக. மொகம் செவந்திருந்துச்சு. நடுவுல அம்மா இல்லாம, என் கண்ணப் பாத்துச் சொன்னாக: "ஏலே, நடுத்தண்ணியில கெடக்கையில எவனாச்சும் கைய ஆட்டுவானா?"

நீந்தவும் மிதிக்கவும் யாரு வேணாலும் கத்துக்கலாம், பெத்தவகள எதுக்கக் கண்டா கைய அடக்குறதுதான் எனக்கு இன்னும் வரல.