சினைக் களவாவுக்கு விடுதலை

பெரிய களவா மீனெல்லாம் கிழட்டுத் தகப்பன்கள், அவற்றைத் தின்றால் கடலுக்கு நஷ்டமில்லை என்று மனதார நம்பியவன் நான். சிறியவை தாய்கள், அவற்றை விட்டுவிட்டால் மீன் குறையவே குறையாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குச் சாயம் அடித்தவனுக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கே ஆள் குறைத்தபோது, கிள்ளானில் படகு வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். தொலைவில் ஒரு கல்தீவை ஒட்டிய பவளப்பாறையில், மலாய்க்காரர்கள் பூபு என்று சொல்லும் பிரம்புக் கூட்டை இறக்குவோம். களவா தானாக உள்ளே போகும். வெளியே வரத் தெரியாது. என்னைப் போலத்தான். இரண்டு குடும்பத்துக்கும் அந்தப் பாறைதான் சோறு. அது பொய்த்தால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மீன் பிடிக்கிறவன் என்ன செய்வான்? பயத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன்: சினையோடு வயிறு தள்ளிய களவாவை மட்டும் விட்டுவிடுவது. முதல் மீனைக் கும்பிட்டுத் தண்ணீரில் விட்டேன். அது என் கட்டைவிரலைக் கடித்துவிட்டுப் போயிற்று.

"வளையல் போட்டு அனுப்புங்க மாப்ளே," என்றார் மச்சான்.

"சிரிக்காதீங்க. உங்க தங்கச்சிக்காகத்தான் பாக்கிறேன்."

"அப்ப இந்தப் பெரிசு?"

"அதுக்கு வயிறே இல்ல லா. கெழவன். தூக்குங்க."

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வழக்கத்தை நிறுத்த எனக்குப் பயம், அப்படியே தொடர்ந்தேன். பிள்ளை தவழ்ந்தபோது பெரிய மீன் அரிதாயிற்று. ஓடத் தொடங்கியபோது குஞ்சுக் களவாவே கண்ணில் படவில்லை. வந்தவையெல்லாம் நான் முன்பே கும்பிட்டு அனுப்பிய முகங்களாகத்தான் தெரிந்தன.

ஒருநாள் கூட்டிலேயே செத்துக்கிடந்த நடுத்தர மீன் ஒன்றை மச்சான் அறுத்தார். சினைப்பை சுருங்கியிருந்தது. அதற்குள்ளேயே ஆண் மீனின் வெள்ளைப் பால்.

"மாப்ளே, இது அம்மாவா, அப்பாவா?"

"ரெண்டும்தான் போல."

"அப்ப நாம தின்ன கெழவனுங்க?"

நான் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தாயாக இருந்து, பெருத்த பிறகு தகப்பனாக மாறுகிற மீன் அது. மாறி முடித்த ஒவ்வொன்றையும் நான் தேடித் தேடித் தூக்கியிருக்கிறேன். தாய்கள் பாவம், ஆண் இல்லாமல் வீணுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

அதன் பிறகு அகப்பட்ட ஒரே பெரிய களவாவை, துடுப்பு கிழிந்த கிழவனை, படகில் கிட்டத்தட்ட விழுந்து கும்பிட்டுக் கடலில் விட்டேன். மறுநாள் கிள்ளான் பாசாரில் வேறொருவர் மீன் விற்கும் பலகையில் அதே கிழிந்த துடுப்பு கிடந்தது. கும்பிடு அவருடைய கூட்டுக்குச் செல்லுபடியாகவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போன வருஷம் கூடு காலியாகவே வந்தது. மச்சான் படகை விற்றுவிட்டு, குடும்பத்தோடு நாகப்பட்டினக் கப்பலில் ஏறினார். வெளியே வரத் தெரியாத நான் என் குடும்பத்தோடு துறையில் நின்று அவரைக் கும்பிட்டு அனுப்பினேன்.